ஊர் சுற்றிய கர்ப்பப்பை

போன மாதம் என் சித்தியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு... ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக எடுக்கிற சமாசாரங்கள்தான். வெறும் வயிற்றோடு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சித்தி எதிர்ச் சுவரில் இருந்த போர்டைக் காட்டி, ''அது என்னடா 'பேத்தாலஜி'? பேத்தறதுக்குக்கூட ஒரு படிப்பா?'' என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பதில்தான் வரவில்லை. நான் படித்தது பி.காம். பேலன்ஸ் ஷீட் எதற்கு பேலன்ஸ் ஆகவேண்டும் என்று கேட்டால் சொல்வேன். பேத்தாலஜிக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் பிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். ஒரு சொல்லைத் தொட்டால் அது இன்னொன்றின் வீட்டுக்கு அழைத்துப் போகிறது. கடைசியில் அந்தச் சொற்கள் சித்தியின் வாழ்க்கைக்கே வந்து நின்றன. அதை அப்புறம் சொல்கிறேன்.

'பாத்தோஸ்'. இதுதான் அந்த போர்டுக்குப் பின்னால் இருக்கிற கிரேக்கச் சொல். ஒரு மனிதன் தானாகச் செய்வது அல்ல, அவனுக்கு நேர்வது. அதுதான் பாத்தோஸ். ஜுரம் நமக்கு நேர்கிறது. நாமாகப் போய் எடுத்துக்கொள்வதில்லை. கோபமும் அப்படித்தான். காதலும் துக்கமும்கூட அப்படித்தான் வந்து விழுகின்றன. ஆகவே பழைய கிரேக்கர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டார்கள். நோயும் உணர்ச்சியும் ஒரே பை!

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் 'நோய்' ஞாபகம் வந்தது. வள்ளுவர் மருந்து அதிகாரத்திலும் 'நோய்' என்கிறார், காமத்துப்பாலில் காதலிக்கு வருகிற அவஸ்தையையும் 'நோய்' என்கிறார். அகராதி போடுகிறவர்களுக்குத்தான் இரண்டு அர்த்தம். அனுபவிக்கிறவனுக்கு எல்லாம் நோவுதான்.

சரி, பாத்தோஸுக்கு வருவோம். இந்த ஒற்றைச் சொல் பெற்ற பிள்ளைகளை எண்ண முடியாது. நோயைப் பற்றிப் படிப்பது பேத்தாலஜி. 'சிம்பதி' என்றால் கூடச் சேர்ந்து அனுபவிப்பது. இன்று நாம் அதை இரங்கல் கடிதத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். பழைய வைத்தியர்களுக்கோ அது உடம்பு சம்பந்தப்பட்ட சொல். வயிறு கெட்டால் தலை வலிக்கிறதே, ஏன்? உறுப்புகளுக்குள் ஒரு 'சிம்பதி' இருக்கிறது, ஒன்றின் கஷ்டத்தை மற்றது சேர்ந்து அனுபவிக்கிறது என்றார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கொடிகட்டிப் பறந்த கிரேக்க வைத்தியர் கேலனும் இந்தக் கட்சிதான். 1732-ல் பாரீஸில் இருந்த வின்ஸ்லோ என்ற உடற்கூறு நிபுணர் முதுகெலும்பின் ஓரமாக ஓடும் நரம்புச் சங்கிலிக்கு 'சிம்பதெடிக்' என்று பெயர் வைத்தார். ராத்திரி தெருநாய் துரத்தும்போது உங்கள் இதயம் படபடக்கிறது அல்லவா? அந்த வேலையைச் செய்கிற நரம்பு மண்டலத்துக்கு இன்றும் அதே பெயர்தான். துரத்துகிற நாய்க்கு மட்டும் சிம்பதி கிடையாது!

'அபதி'யின் கதை இன்னும் வேடிக்கை. ஏதென்ஸில் ஸ்டோயிக் என்று ஒரு தத்துவக் கூட்டம். அவர்களுக்கு 'அபாதெய்யா', அதாவது உணர்ச்சிகள் தன்னை ஆட்டிவைக்காத நிலை, பெரிய லட்சியம். நம்ம ஊர் ஸ்திதப்பிரக்ஞன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஞானிகளின் பட்டமாக இருந்த அந்தச் சொல், இன்று ரேஷன் கார்டுக்கு அலையவிடும் அதிகாரியின் அலட்சியத்தைத் திட்டுவதற்குப் பயன்படுகிறது.

'அலோபதி'? அது ஒரு வசவு. ஹோமியோபதியை ஆரம்பித்த ஜெர்மானியர் ஹானிமன், தன்னை எதிர்த்த மற்ற டாக்டர்களை மட்டம் தட்டுவதற்காக உருவாக்கிய சொல் அது. நாம்தான் அதை போர்டு எழுதி மாட்டி, ''எனக்கு அலோபதிதான் சார் கேட்கும்'' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

இன்றைக்கு மேனேஜ்மென்ட் வகுப்புகளில் நிமிடத்துக்கு ஒரு தடவை உச்சரிக்கப்படும் 'எம்பதி' பழைய சொல் மாதிரி தோன்றும். கிடையாது. ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்க்கிறபோது நாமே அதற்குள் புகுந்து உணர்வதற்கு ஜெர்மானியர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை ஆங்கிலத்தில் சொல்ல 1909-ல் டிட்செனர் என்கிற மனோதத்துவப் பேராசிரியர் கிரேக்க வேர்களை ஒட்டவைத்துச் செய்தது இது. இதில் என்ன கூத்து என்றால், இன்றைய கிரேக்க மொழியில் 'எம்பாதியா' என்றால் வன்மம்! ஏதென்ஸ் போய் யாரிடமாவது, ''உங்கள்மேல் எனக்கு நிறைய எம்பாதியா'' என்று சொல்லிவிடாதீர்கள்.

* * *

அடுத்து, கறுப்புப் பித்தம். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு, 'கோலே' என்றால் பித்தம். இரண்டும் சேர்ந்தால் மெலங்கோலி. உடம்பில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று நான்கு திரவங்கள் இருக்கின்றன, கறுப்பு அதிகமானால் மனிதன் காரணம் தெரியாமல் பயப்படுவான், சோர்ந்து கிடப்பான் என்பது ஹிப்போகிரட்டீஸ் கோஷ்டியின் கணக்கு. இந்தக் கணக்கு அரேபியாவுக்குப் போய், பாரசீகம் வழியாக இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. அதுதான் யுனானி வைத்தியம். 'யுனானி' என்ற சொல்லுக்கே 'கிரேக்கத்தைச் சேர்ந்தது' என்றுதான் அர்த்தம். யுனானி ஹகீம்கள் சொல்லும் 'சௌதா'தான் அந்தக் கறுப்புப் பித்தம். உருதுவில் கிறுக்குப் பிடித்தவனை 'சௌதாயி' என்பார்கள். தமிழில் 'பித்தன்' என்று நாம் சொல்வது போலத்தான்.

ஆனால், ஒரு சின்ன சிக்கல். அப்படி ஒரு கறுப்புத் திரவம் உடம்பில் கிடையவே கிடையாது! இரண்டாயிரம் வருடங்கள் இல்லாத சரக்குக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதியிருக்கிறார்கள். சரக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் மட்டும் மனசுக்குள் தங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு சொல்லும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

1688. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரம். ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவனுக்கு வயது பத்தொன்பதுதான் இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டும். அவன் எடுத்துக்கொண்ட விஷயம், ஊர் ஏக்கம். ஜெர்மன் பேச்சுவழக்கில் அதற்குச் சொல் இருந்தது. ஆனால், மருத்துவப் புத்தகங்களில் இடம் இல்லை. கிரேக்கப் பெயர் இல்லாத நோயை எந்த டாக்டர் மதிப்பார்? 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல். 'அல்கோஸ்' என்றால் வலி. இரண்டையும் கோத்து 'நாஸ்டால்ஜியா' என்று ஒரு நோயைப் பிறப்பித்தான். டிராய் யுத்தம் முடிந்து வீடு திரும்பப் பத்து வருடம் கடலில் அலைந்த ஒடிசியஸின் கதையைப் பாடிய ஹோமருக்கே தெரியாத கிரேக்கச் சொல் இது! நீங்கள் தலைவலிக்குப் போடுகிற 'அனால்ஜெசிக்' மாத்திரையில் இருப்பதும் இதே அல்கோஸ்தான்.

ஹோஃபர் சொல்லும் நோயாளிகளில் ஒருவன் பெர்ன் நகரத்திலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த மாணவன். நாளாக ஆக இளைத்தான். ஜுரம் விடவில்லை. சாகப்போகிறான் என்று பிரார்த்தனைகூடப் பண்ணிவிட்டார்கள். யாரோ புண்ணியவான், ''இவனை ஊருக்கு அனுப்புங்கப்பா'' என்றார். பயண ஏற்பாடுகள் நடக்கத் தொடங்கியதுமே பையன் மூச்சு சீராகிவிட்டது. பாஸலைத் தாண்டிச் சில மைல்கள் போனதும் தெம்பு வந்தது. பெர்ன் போய்ச் சேருவதற்குள் ஆள் பூரண குணம்!

இன்னொருத்தி ஒரு கிராமத்துப் பெண். கீழே விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கொடுத்த சாப்பாட்டையும் மருந்தையும் துப்பினாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ''வீட்டுக்குப் போகணும்.'' வேறு வழியில்லாமல் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களில் மருந்தில்லாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நாஸ்டால்ஜியா நிஜமாகவே ராணுவ டாக்டர்களின் பதிவேட்டில் ஏறியது. அந்நிய மன்னர்களுக்காகக் கூலிக்குச் சண்டை போட்ட சுவிஸ் சிப்பாய்களின் முன்னால் ஆல்ப்ஸ் மலை மாட்டுக்காரர்களின் பாட்டைப் பாடவே தடை, மீறினால் மரண தண்டனை என்று 1768-ல் ரூஸோ தன்னுடைய இசை அகராதியில் எழுதுகிறார். அந்தப் பாட்டைக் கேட்டால் அழுதுவிட்டு ஓடிப்போவார்களாம், இல்லையென்றால் செத்துப்போவார்களாம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவக் கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நாஸ்டால்ஜியா கேஸ்கள் இருக்கின்றன. மரணங்களும் அந்தப் பெயரில் பதிவாகியிருக்கின்றன. அப்புறம் ரயில் வந்தது, தபால் வேகமானது. டாக்டர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டார்கள். கவிஞர்களும் விளம்பரக் கம்பெனிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆளைக் கொன்ற நோய் இன்று பழைய பாட்டு கேசட்டோடு வருகிற ஒரு சுகம்.

எல்லாச் சொற்களுக்கும் இப்படி நல்ல கதி வாய்ப்பதில்லை.

* * *

எங்கள் சித்திக்குப் பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அது வந்தது. 1990. கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். மாவு டப்பா உருண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். யாரோ செருப்பைக் கழற்றி மூக்குக்கிட்டே கொண்டுபோனார்கள். சாயங்காலம் வேப்பிலை. இரண்டாவது, மூன்றாவது தடவை வந்த பிறகு தாத்தா ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் ஐந்து நிமிடம் பார்த்தார், சீட்டில் ஒரு வார்த்தை எழுதினார்: ஹிஸ்டீரியா. தாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, ''வயசுப் பொண்ணு. காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்'' என்றார்.

இந்த மருந்துச் சீட்டுக்கு வயது என்ன தெரியுமா? சுமார் 2,400 வருடங்கள்.

'ஹிஸ்டீரா' என்றால் கிரேக்கத்தில் கர்ப்பப்பை. கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனை 'ஹிஸ்டரெக்டமி' என்கிறார்களே, அதே வேர். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் தொகுக்கப்பட்ட பெண்கள் மருத்துவ நூல்களில் ஒரு விசித்திரமான கோட்பாடு வருகிறது. ஆணோடு சேராத, பிள்ளை பெறாத பெண்ணின் கர்ப்பப்பை காய்ந்து லேசாகிவிடும். ஈரம் தேடிக் கிளம்பிவிடும்! மேலே ஏறிக் கல்லீரலைத் தொடும், நெஞ்சை அமுக்கும். மூச்சு முட்டும், பேச்சு நிற்கும். அதற்கு வைத்தியம்? மூக்கில் நாற்றமடிக்கும் பொருள்களைக் காட்டினால் பயந்து கீழே இறங்கும். கீழே வாசனைப் புகை போட்டால் ஆசைப்பட்டு இறங்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமா... கல்யாணம் பண்ணி, பிள்ளை பெறச் சொல்லுங்கள். தத்துவ மேதை பிளாட்டோவும் தன் பங்குக்கு, கர்ப்பப்பை என்பது பிள்ளைக்கு ஏங்கும் ஒரு ஜந்து, ஏக்கம் தீராவிட்டால் உடம்பெங்கும் அலையும் என்று 'திமேயஸ்' நூலில் எழுதிவைத்தார்.

சித்தியின் மூக்குக்கிட்டே வந்த செருப்புக்கும் கிரேக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்தக் கல்யாண யோசனை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் குளிரெடுத்தது.

அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர் உண்டு. எஃபெசஸ் நகரத்து சோரானஸ், கி.பி. 100 வாக்கில் ரோமில் வைத்தியம் பார்த்தவர். கர்ப்பப்பை ஒன்றும் குகையிலிருந்து வெளியே வரும் மிருகம் இல்லை, நாற்றத்தைக் கண்டு ஓடாது, பாவம், அந்தப் பெண்களை இம்சிக்காதீர்கள் என்கிற ரீதியில் எழுதினார். யார் கேட்டார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்தது. உறுப்பு நடப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெயர் நடந்துகொண்டே இருந்தது. பாரீஸின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ என்ற நரம்பியல் சக்கரவர்த்தி, ஹிஸ்டீரியா பெண்களை மேடையேற்றிப் பாடம் நடத்தினார். போட்டோ பிடித்துப் புத்தகமாகவும் வந்தது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. ஒரு விஷயத்தில் மட்டும் ஷார்கோவைப் பாராட்டவேண்டும். இது ஆண்களுக்கும் வரும் என்று கேஸ் கேஸாகக் காட்டினார்.

அவரிடம் சில மாதங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் இளம் டாக்டர், 1886 அக்டோபரில் வியன்னா மருத்துவர்கள் சங்கத்தில் 'ஆண்களுக்கு ஹிஸ்டீரியா' என்று பேசினார். பெயர், சிக்மண்ட் ஃப்ராய்ட். பிற்பாடு தன் சுயசரிதைக் கட்டுரையில் ஃப்ராய்ட் இதை நினைவுகூர்கிறார். ஒரு வயசான சர்ஜன் கொதித்துப்போய், என்னய்யா உளறுகிறீர், அந்தச் சொல்லுக்கே கர்ப்பப்பை என்றுதானே அர்த்தம், ஆம்பளைக்கு எப்படி ஹிஸ்டீரியா வரும் என்று கேட்டாராம். நோயாளியைப் பார்க்கவே வேண்டாம், அகராதியைப் பார்த்தால் போதும்! அதிலும் பெரியவர் அந்தக் கிரேக்கச் சொல்லைக் கொஞ்சம் தப்பாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ராய்ட் அதையும் விடாமல் குறித்துவைத்தார்.

முதல் உலகப் போர் இதைப் போட்டு உடைத்தது. பதுங்குகுழிகளில் குண்டுமழைக்கு நடுவே கிடந்த வாலிபர்கள் ஊமையானார்கள், கால் விளங்காமல் போனார்கள், காரணம் இல்லாமல் நடுங்கினார்கள். எல்லாம் புத்தகத்தில் இருந்த ஹிஸ்டீரியா. ஆனால், வீரனுக்குக் கர்ப்பப்பைப் பெயரை எப்படி வைப்பது? 'ஷெல் ஷாக்' என்ற புதுப்பெயர் 1915-ல் மருத்துவப் பத்திரிகையில் ஏறியது. அதற்குள்ளும் ஒரு ஜாதி பாருங்கள்... பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரண சிப்பாய்க்குப் பெரும்பாலும் 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். அதிகாரிக்கு 'நியூரஸ்தீனியா', அதாவது நரம்புச் சோர்வு. அதுவும் கிரேக்கம்தான். ஆனால், கௌரவமான கிரேக்கம்!

1965-ல் லண்டனில் எலியட் ஸ்லேட்டர் என்ற மனநல மருத்துவர் ஒரு காரியம் செய்தார். நாங்கள் ஆடிட்டிங் என்று சொல்வதுதான். நரம்பியலுக்குப் புகழ்பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில் 'ஹிஸ்டீரியா' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட 85 பேரைச் சுமார் ஒன்பது வருடம் கழித்துத் தேடிப் பிடித்தார். கணிசமான பேருக்கு உள்ளே வேறு நிஜமான வியாதி இருந்திருக்கிறது. 12 பேர் இறந்தே போயிருந்தார்கள். டாக்டரின் அறியாமையைப் போர்த்தி மறைக்கிற பெயர் இது என்று காட்டமாக எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியா என்ற தலைப்பையே எடுத்துவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூளையில், நரம்பில் எந்தச் சேதமும் தெரியாமலே வலிப்பு மாதிரி வருகிறவர்கள், கால் விளங்காமல் போகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நடிப்பு இல்லை. அவஸ்தை நூற்றுக்கு நூறு நிஜம். இன்றைய டாக்டர்கள் அதை நரம்புகளின் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். கண்டுபிடிக்கும் விதமும் மாறியிருக்கிறது. 1950-களில் நூற்றில் 29 பேருக்குத் தப்பாகப் போன கணிப்பு, எழுபதுகளுக்குப் பிறகு நூற்றில் நாலாகக் குறைந்திருக்கிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அந்த நாலில் ஒருத்தியாகத்தான் என் சித்தி இருந்திருக்கவேண்டும்.

கல்யாணம் ஆனது. சரியாகவில்லை. 'மறைச்சுக் கட்டிவெச்சுட்டாங்க' என்ற பேச்சு வந்தது. அடுப்படியில் விழுந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். தழும்பு இப்போதும் இருக்கிறது. 1996-ல்தான் சித்தப்பா பிடிவாதமாக நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனார். தலையில் ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். எபிலெப்சி. தினம் மாத்திரை. நாலு மாதத்தில் ஃபிட்ஸ் நின்றது. நின்றது நின்றதுதான்.

எபிலெப்சியும் கிரேக்கம்தான். 'பிடித்துக்கொள்வது' என்று அர்த்தம். என்னை அன்று ராத்திரி தூங்கவிடாமல் செய்தது இதுதான்: கர்ப்பப்பையை ஊர் சுற்ற அனுப்பிய அதே ஹிப்போகிரட்டீஸ் தொகுப்பில் 'புனித நோய்' என்று இன்னொரு நூல் இருக்கிறது. முழுக்க முழுக்க வலிப்பு நோய் பற்றியது. சாமி குற்றம் என்று சொல்லி, கறுப்பு உடுத்தாதே, ஆட்டுத் தோலில் படுக்காதே என்றெல்லாம் பரிகாரம் விற்றவர்களை அது போட்டு வாங்குகிறது. மற்ற நோய்களைவிட இதில் புனிதமாக ஒன்றும் இல்லை, இது மூளையிலிருந்து வருவது என்கிறது. கபம் போய் ரத்தக் குழாயை அடைக்கிறது என்று அவர்கள் சொன்ன காரணம் தப்பு. காட்டிய இடம் மிகச் சரி. ஒரே அலமாரியில் இரண்டு புத்தகம். சித்திக்கு முதலில் கிடைத்தது தப்பான புத்தகம்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம், மற்றபடி பரவாயில்லை. இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பிளாட்டோ வந்த இடத்தில் சிரித்தாள். செருப்பு வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

''அப்போ மூளையிலதான் கோளாறுன்னு அவன் அன்னிக்கே எழுதி வெச்சிருக்கான்?''

''ஆமா சித்தி.''

''ஆறு வருஷம்டா...'' என்றாள். முழங்கையைத் தடவிக்கொண்டாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டு. எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.